மெல்போர்ன் அரச தாவரவியல் பூங்காவும் பழைய வானாய்வகமும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தலைநகரான மெல்போர்னில், யாரா ஆற்றின் தென்கரையில், 38 ஹெக்டேர் பரப்பில் அமைந்துள்ளது அரச தாவரவியல் பூங்கா. அதன் மேற்கு வாயிலையொட்டி, 1944 ஆம் ஆண்டோடு பணி முடிந்துபோன மெல்போர்ன் வானாய்வகத்தின் கட்டடங்கள் நிற்கின்றன. அந்த வாயிலின் பெயரே 'வானாய்வக வாயில்'. ஒரே நடையில் இரண்டையும் பார்த்துவிடலாம். அரை நாள் போதும்.

பெரும்பாலான பயணிகள் வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடங்களைப் படம்பிடித்துவிட்டு ஏரிக்கரைப் புல்வெளிக்குச் சென்றுவிடுகிறார்கள். அந்தக் குவிமாடங்கள் ஏன் இங்கே கட்டப்பட்டன, ஏன் ஓய்ந்தன, பூங்கா எப்படி இந்த அழகைப் பெற்றது, அதற்காக யார் பதவி இழந்தார் என்பவற்றைத் தெரிந்துகொண்டு சென்றால் அதே நடை வேறு அனுபவமாகிறது. இவ்விரு நிறுவனங்களின் வரலாற்றையும், பயணி அங்கே கவனிக்க வேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

மெல்போர்ன் நகரம் 1835 இல் குடியேறிகளால் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே பல்லாயிரம் ஆண்டுகளாகக் கூலின் பழங்குடிக் கூட்டமைப்பைச் சேர்ந்த மக்கள் இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்து வந்தனர். இன்று பூங்காவின் ஏரியாக இருக்கும் சதுப்பு நிலம் அவர்கள் கூடும் இடங்களில் ஒன்று. 1846 இல் அப்பகுதியின் நிர்வாகியான சார்லஸ் லா ட்ரோப் இந்த இடத்தைத் தாவரவியல் பூங்காவுக்காகத் தேர்ந்தெடுத்தார். 1851 இல் விக்டோரியா தனிக் குடியேற்ற நாடானது. அதே ஆண்டில் தங்கம் கிடைத்தது. பணமும் மக்களும் வந்து குவிந்தனர்.

பணம் சேர்ந்த புதிய குடியேற்ற நாட்டுக்கு அறிவியல் நிறுவனங்கள் இரு வகையில் தேவைப்பட்டன. ஒன்று, அன்றாடப் பயன்: கப்பல்களுக்குச் சரியான நேரம் வேண்டும், எந்த மரம் எந்த மண்ணில் வளரும் என்று தெரிய வேண்டும். மற்றொன்று, பெருமை: ஐரோப்பாவில் இருப்பவை எங்களிடமும் உண்டு என்று காட்ட வேண்டும். இவ்விரு நோக்கங்களும் சில காலம் ஒத்துப்போயின, பிறகு மோதின. பூங்காவின் கதையும் வானாய்வகத்தின் கதையும் அந்த மோதலைத்தான் சொல்கின்றன.

நகரத்துக்கு நேரம் சொன்ன இடம்

வானாய்வகம் முதலில் 1853 இல் துறைமுகப் பகுதியான வில்லியம்ஸ்டவுனில் தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பாளர் ராபர்ட் எல்லெரி. 1861 முதல் 1863 வரை இன்றைய இடத்தில் புதிய கட்டடம் எழுந்தது. எல்லெரி 1895 வரை அரசு வானியலாளராகப் பணியாற்றினார்.

இங்கே நடந்த முதன்மையான வேலை நேரம் கணித்தல். இதற்கென ஒரு தொலைநோக்கியைத் தெற்கு வடக்குக் கோட்டில் மட்டுமே அசையும்படி பொருத்தியிருப்பார்கள். இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு விண்மீன் அந்தக் கோட்டைக் கடக்கும் கணத்தைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டால், கடிகாரம் எவ்வளவு பிழை காட்டுகிறது என்பது தெரிந்துவிடும். திருத்திய நேரம் தந்தி வழியே நகருக்கும் ரயில்வேக்கும் துறைமுகத்துக்கும் சென்றது. வில்லியம்ஸ்டவுன் கோபுரத்தின் உச்சியில் ஒரு பெரிய பந்தை ஏற்றி வைத்து, நாள்தோறும் பிற்பகல் 1 மணிக்குக் கீழே விழச் செய்தார்கள். விரிகுடாவில் நின்ற கப்பல்கள் அதைப் பார்த்துத் தம் கடிகாரங்களைச் சரிசெய்துகொண்டன.

இது சடங்கு அன்று. நடுக்கடலில் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்பதை அறியக் கடிகாரமே துணை. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே கடிகாரத்தில் 4 நொடி பிழை இருந்தால், நிலநடுக்கோட்டருகே கப்பலின் இடம் 1 கடல் மைல் தவறிவிடும். பாறை நிறைந்த கரையை இரவில் நெருங்கும் மாலுமிக்கு அது உயிர்ப் பிரச்சினை.

1895 பிப்ரவரி 1 வரை மெல்போர்ன் தன் சொந்த உள்ளூர் நேரத்தையே பின்பற்றியது. நகரம் ஏறத்தாழ 145 பாகை கிழக்கில் இருப்பதால், அது கிரீனிச்சைவிட 9 மணி 40 நிமிடம் முன்னே இருந்தது. அன்று முதல் 10 மணி என்ற திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது; கடிகாரங்கள் சுமார் 20 நிமிடம் முன்னே தள்ளிவைக்கப்பட்டன. வானிலைக் கணிப்பும் இங்கேதான் நடந்தது. 1908 இல் கூட்டாட்சி அரசின் வானிலைத் துறை அந்தப் பணியை எடுத்துக்கொண்டது.

பெரும் மெல்போர்ன் தொலைநோக்கி

வானாய்வக வளாகத்தில் நீளமான, குவிமாடம் இல்லாத ஒரு கட்டடத்தைக் காணலாம். அதன் கூரை தண்டவாளத்தில் நகர்ந்து திறக்கும்படி கட்டப்பட்டது. 1869 இல் பணி தொடங்கிய பெரும் மெல்போர்ன் தொலைநோக்கியின் வீடு அது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் தாமஸ் கிரப் இதை உருவாக்கினார். இதன் ஆடி 48 அங்குலம், அதாவது சுமார் 1.2 மீட்டர் விட்டமுடையது. எத்திசையிலும் திருப்பக்கூடிய தொலைநோக்கிகளில் அன்று உலகிலேயே பெரியது இதுதான்.

இதற்கு ஒரே ஒரு பெரிய பணி ஒப்படைக்கப்பட்டது. 1830களில் ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து தென்வானத்து விண்முகில்களைப் பார்த்து வரைந்து வைத்திருந்தார். அவற்றை மீண்டும் வரைந்து ஒப்பிட்டால், விண்முகில்கள் மாறுகின்றனவா என்று அறியலாம் என்பது திட்டம்.

திட்டம் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. அதற்கான காரணங்கள் இன்றைய மாணவர்களுக்கும் பாடமாகும்.

முதலாவது, ஆடி. கண்ணாடிக்குப் பதிலாகச் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் அது செய்யப்பட்டிருந்தது. இந்த உலோகம் நாளடைவில் மங்கும். மீண்டும் மெருகேற்றும்போது அதன் வளைவு சிறிதளவு மாறினாலும் பிம்பம் கெட்டுவிடும். அந்தக் கைவண்ணம் தெரிந்தவர்கள் உலகின் மறுபக்கத்தில் இருந்தார்கள்.

இரண்டாவது, காற்று. கூரையை முழுவதும் நகர்த்திவிட்டால், நெடிய குழல் காற்றில் அதிரும்.

மூன்றாவதுதான் அடிப்படையான சிக்கல். இருவர் ஒரே விண்முகிலை வரைந்தால் இரு படங்களும் வேறுபடும். அந்த வேறுபாடு வானில் நிகழ்ந்ததா, வரைந்தவரின் கண்ணிலும் கையிலும் நிகழ்ந்ததா என்று எப்படிப் பிரித்தறிவது? சில ஆண்டுகளிலேயே ஒளிப்படக் கலை வளர்ந்து, கையால் வரையும் முறையையே பழசாக்கிவிட்டது.

ஆயினும் அந்தத் தொலைநோக்கியின் வாழ்வு அதோடு முடியவில்லை. மெல்போர்ன் வானாய்வகம் மூடப்பட்டபோது அது கான்பெராவுக்கு அருகிலுள்ள மவுண்ட் ஸ்ட்ரோம்லோ வானாய்வகத்துக்கு விற்கப்பட்டது. புதிய கண்ணாடி ஆடி பொருத்தப்பட்டது. 1990களில் கரும்பொருளைத் தேடும் ஆய்வில் அது ஈடுபட்டது. ஒளிராத ஒரு பொருள் தொலைவிலுள்ள விண்மீனுக்கு முன்னே கடந்தால், அதன் ஈர்ப்பு அந்த விண்மீனின் ஒளியைச் சில நாள் கூட்டிக் காட்டும். இந்த நுண்வில்லை விளைவை 1993 இல் கண்டறிந்து அறிவித்தவர்களில் இத்தொலைநோக்கியைப் பயன்படுத்திய குழுவும் ஒன்று. நூற்றாண்டுக்கு முன் தோல்வி என்று பேசப்பட்ட கருவி அது!

2003 ஜனவரி 18 அன்று கான்பெராவைத் தாக்கிய காட்டுத்தீயில் மவுண்ட் ஸ்ட்ரோம்லோ எரிந்தது. கிரப் வார்த்த கனத்த இரும்புப் பாகங்கள் பல தீயிலும் தப்பின. அவை மெல்போர்னுக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டு, தன்னார்வலர்களின் உழைப்பில் புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. பழைய வீட்டிலேயே அதை மீண்டும் நிறுவுவது அவர்கள் நோக்கம்.

விண்மீன்களைக் கணக்கெடுத்தல்

ஓசையின்றி நடந்த இன்னொரு வேலைதான் வானாய்வகத்தின் நிலைத்த பங்களிப்பு. 1887 இல் பாரிஸில் கூடிய வானியலாளர்கள் முழு வானத்தையும் ஒளிப்படத் தட்டுகளில் பதிவுசெய்ய முடிவெடுத்தனர். வானத்தைப் பல வளையங்களாகப் பிரித்து உலகின் பல வானாய்வகங்களுக்குப் பங்கிட்டனர். தென்துருவத்தைச் சுற்றியுள்ள பகுதி மெல்போர்னுக்குக் கிடைத்தது. பின்னாளில் ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வகமும் இத்திட்டத்தில் ஒரு பகுதியை ஏற்றுச் செய்து முடித்தது.

தட்டு எடுப்பது எளிது, அளப்பதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு விண்மீனின் இடத்தையும் நுண்ணோக்கி வழியே பார்த்து அளந்து எழுத வேண்டும். 1890களின் இறுதியிலிருந்து மெல்போர்னில் இதற்கெனப் பெண்கள் பணியமர்த்தப்பட்டனர். ஆண்டுக்கணக்கில் அவர்கள் எண்களை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். மொத்தத் திட்டம் பல பத்தாண்டுகள் இழுத்ததால், வீண் உழைப்பு என்றுகூடச் சிலர் கருதினர்.

அந்த எண்களின் அருமை நூறு ஆண்டு கழித்துத் தெரிந்தது. 1990களில் ஐரோப்பாவின் ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் விண்மீன்களின் இடங்களை மிகத் துல்லியமாக அளந்தது. ஆனால் விண்மீன்கள் எவ்வளவு நகர்கின்றன என்று கணிக்க நீண்ட கால இடைவெளியில் எடுத்த அளவுகளும் தேவை. பழைய தட்டுகளின் அளவுகளையும் செயற்கைக்கோள் அளவுகளையும் இணைத்துச் சுமார் 25 லட்சம் விண்மீன்கள் கொண்ட டைக்கோ-2 அட்டவணை 2000 இல் வெளியானது. எந்தச் செயற்கைக்கோளாலும் கடந்த காலத்துக்குச் சென்று அளந்துவர முடியாது அல்லவா?

வெளிச்சம் விழுங்கிய வானம்

வானாய்வகம் கட்டப்பட்டபோது நகரின் இரவு இருண்டிருந்தது. மின்விளக்குகள் பெருகப் பெருக மங்கலான விண்மீன்கள் மறைந்தன. நேரக் கணிப்புக்கும் வானொலி முதலிய வேறு வழிகள் வந்துவிட்டன. மலைமேல் இருந்த மவுண்ட் ஸ்ட்ரோம்லோ நாட்டின் முதன்மை வானாய்வகமாக வளர்ந்தது. 1944 மார்ச் மாதத்தோடு மெல்போர்ன் வானாய்வகம் மூடப்பட்டது. நகரத்தின் பெருமைக்காகப் பிறந்த நிறுவனம் அந்த நகரத்தின் வளர்ச்சியாலேயே வானத்தை இழந்தது எனலாம்.

மியூலரும் கில்ஃபாய்லும்

வாயிலைக் கடந்து பூங்காவுக்குள் நுழைந்தால் மற்றொரு இழப்பின் கதை காத்திருக்கிறது.

ஜெர்மனியில் பிறந்த ஃபெர்டினாண்ட் வான் மியூலர் 1853 இல் விக்டோரியாவின் அரசுத் தாவரவியலாளராகவும், 1857 இல் பூங்காவின் இயக்குநராகவும் பொறுப்பேற்றார். கண்டத்தின் பல பகுதிகளிலும் பயணம் செய்து செடிகளைச் சேகரித்தார். இன்று உலகெங்கும் உண்ணப்படும் மக்கடேமியா கொட்டையின் பேரினத்துக்குப் பெயரிட்டவர் அவரே. லண்டனில் ஜார்ஜ் பெந்தம் ஆஸ்திரேலியத் தாவரங்கள் குறித்து ஏழு தொகுதிப் பெருநூலை எழுதியபோது, அதற்கான மாதிரிகளை அனுப்பி உதவினார். யூகலிப்டஸ் விதைகளைப் பல நாடுகளுக்கும் அனுப்பி, அம்மரத்தைப் பரப்ப வாதாடினார். நீலகிரியில் தைல மரக் காடுகளைக் கண்டு வளர்ந்த தமிழ்ப் பயணிக்கு அம்மரத்தின் உறவினர்கள் இங்கே சொந்த மண்ணில் நிற்பதைப் பார்ப்பது தனி அனுபவம்.

மியூலருக்குப் பூங்கா என்பது ஆய்வுக்கூடம். ஊசியிலை மரங்களை இனவாரியாக வரிசையில் நட்டு, எவை இந்த மண்ணில் வளரும் என்று சோதித்தார். நகர மக்கள் எதிர்பார்த்ததோ பூக்களும் புல்வெளிகளும் உலாவுவதற்கேற்ற காட்சிகளும். முறையீடுகள் வலுத்தன. 1873 இல் அவர் இயக்குநர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அரசுத் தாவரவியலாளர் பதவி மட்டும் 1896 இல் இறக்கும்வரை அவரிடம் இருந்தது.

அவருக்குப் பின் வந்த வில்லியம் கில்ஃபாய்ல் 1909 வரை இயக்குநராக இருந்தார். இன்று நாம் காணும் பூங்கா பெரும்பாலும் அவர் வரைந்த ஓவியம். நேர்வரிசைகளைக் கலைத்தார், வளைந்த பாதைகளையும் சரிவான புல்வெளிகளையும் அமைத்தார், வளைவு ஒவ்வொன்றிலும் புதிய காட்சி விரியும்படி மரக்கூட்டங்களை நிறுத்தினார். உலகின் அழகிய தாவரவியல் பூங்காக்களில் ஒன்றாக இது போற்றப்படுவதற்கு அவரே காரணம். மக்கள் கேட்டது தவறு என்றும் சொல்ல முடியாது. அந்த அழகுதான் இத்தனை ஆண்டுகளாக நகரின் நடுவே இந்நிலத்தைக் கட்டடங்களுக்குப் பலியாகாமல் காத்துவந்தது.

உலர் தாவரகம்

மியூலர் இழந்தது பூங்காவை. அவருடைய உழைப்பு உலர் தாவரகத்தில் உயிரோடு இருக்கிறது. 1853 இல் அவர் தொடங்கிய விக்டோரியா தேசிய உலர் தாவரகம் வானாய்வகத்துக்குப் பக்கத்திலேயே உள்ளது. இங்கே சுமார் 15 லட்சம் மாதிரிகள் உள்ளன. 1770 இல் கேப்டன் குக்கின் கப்பலில் வந்த பேங்க்ஸ், சோலாண்டர் ஆகியோர் சேகரித்தவையும் இவற்றில் அடங்கும்.

செய்முறை எளியது. பூவும் இலையும் கொண்ட கிளையைத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, தடித்த தாளில் ஒட்டி, எங்கே, எப்போது, யாரால் பறிக்கப்பட்டது என்று குறிப்பெழுதி வைப்பார்கள். ஒரு புதிய இனத்துக்குப் பெயரிடும்போது அடையாளமாகக் கொள்ளப்படும் மாதிரிக்கு 'வகைமாதிரி' என்று பெயர். அந்தப் பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்ற ஐயம் எழுந்தால், இறுதிச் சான்று அந்தக் காய்ந்த கிளைதான்.

இன்று இந்தத் தாள்களுக்குப் புதிய பயன் கிடைத்துள்ளது. ஒரு செடி 1860களில் எந்த மாதம் பூத்தது, இப்போது எந்த மாதம் பூக்கிறது என்று ஒப்பிட்டுப் பருவநிலை மாற்றத்தை ஆய்வு செய்கிறார்கள். மியூலர் இதை நினைத்துச் சேகரிக்கவில்லை. தட்டுகளை அளந்த பெண்களும் செயற்கைக்கோளை நினைத்து அளக்கவில்லை. நாளும் இடமும் பிசகாமல் எழுதி வைத்ததால் இரண்டுமே பின்னாளில் பயன்பட்டன.

பூங்காவில் தவறவிடக் கூடாதவை

கில்ஃபாய்லின் எரிமலை: 1876 இல் கட்டப்பட்ட நீர்த்தேக்கம். பூங்காவின் உயரமான மூலையில் எரிமலை வாய்போல் வடிவமைக்கப்பட்டது. நீரை மேலே ஏற்றிவிட்டால், சரிவினாலேயே பூங்கா முழுவதும் பாயும். பல பத்தாண்டுகள் பயனின்றிக் கிடந்து, 2010 இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. சரிவுகளில் கள்ளியும் குறைந்த நீரில் வாழும் செடிகளும் நடப்பட்டுள்ளன. நடுவே மிதக்கும் செடித் திட்டுகள் நீரைத் தூய்மைப்படுத்துகின்றன.

அலங்கார ஏரி: முன்பு யாரா ஆற்றோடு இணைந்திருந்த சதுப்பு நிலம். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆறு நேராக வெட்டித் திருப்பப்பட்டபோது தனி ஏரியானது.

பிரிவினை மரம் நின்ற இடம்: குடியேறிகள் வருவதற்கு முன்பிருந்தே நின்ற முதிய யூகலிப்டஸ் மரம். விக்டோரியா தனி நாடாகப் போகும் செய்தியை 1850 நவம்பரில் மக்கள் இதனடியில் கூடிக் கொண்டாடினர். 2010 இலும் 2013 இலும் யாரோ அதன் பட்டையைச் சுற்றிலும் வெட்டிவிட்டனர். இலைகளில் உருவாகும் உணவு பட்டையின் உட்புறத் திசு வழியே வேருக்கு இறங்குகிறது. அந்த வளையம் அறுந்தால் வேர் பட்டினியால் சாகும். காப்பாற்றும் முயற்சிகள் பலிக்கவில்லை.

பூங்காவின் மற்ற முதிய மரங்களுக்கும் ஆபத்து உண்டு; அது வெப்பத்தின் வடிவில் வருகிறது. நகரம் வெப்பமாகி, மழை குறையும் என்ற கணிப்பை ஏற்று, பிற்காலத் தட்பவெப்பத்துக்கு ஏற்ற மரங்களைப் படிப்படியாக நடும் இருபதாண்டுத் திட்டத்தை 2016 இல் பூங்கா வெளியிட்டது. எவை இங்கே வளரும் என்று சோதித்த மியூலரின் கேள்வி மீண்டும் பூங்காவுக்குள் வந்துவிட்டது.

பயணிகளுக்கு

பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. நகர மையத்திலிருந்து செயின்ட் கில்டா சாலை வழியே செல்லும் டிராம்களில் ஏறிப் போர் நினைவாலய நிறுத்தத்தில் இறங்கினால், வானாய்வக வாயில் சில நிமிட நடை. வானாய்வகக் கட்டடங்களை வெளியிலிருந்து எப்போதும் பார்க்கலாம். உள்ளே செல்ல வழிகாட்டிச் சுற்றுலா நடக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எதிரே நிற்கும் போர் நினைவாலயத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. 1934 இல் திறக்கப்பட்ட அதன் கூரையில் ஒரு துளை உண்டு. முதல் உலகப்போர் ஓய்ந்த நவம்பர் 11 அன்று காலை 11 மணிக்குச் சூரியக்கதிர் அதன் வழியே நினைவுக்கல்லின் மீது விழும்படி கணித்துக் கட்டினார்கள். பிற்காலத்தில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கும் வழக்கம் வந்ததால், கதிரும் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. இப்போது கண்ணாடிகளைக் கொண்டு கதிரைத் திருப்பி விழா நேரத்துக்குச் சரிசெய்கிறார்கள். நேரம் என்பது வானம் தருவதா, மனிதர் வகுப்பதா என்பதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ முதல் முறை வருபவர்கள் சிலவற்றை நினைவில் வைக்க வேண்டும். இங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடைக்காலம். நண்பகல் சூரியன் வடக்குத் திசையில் நிற்கும். நிழல் தெற்கே விழும். நிழலை வைத்துத் திசை பார்க்கப் பழகியவர்கள் தடுமாறுவது உறுதி.

இரவில் நகருக்கு வெளியே இருண்ட இடத்துக்குச் செல்ல வாய்த்தால் வானத்தைப் பாருங்கள். நம் ஊரில் தெற்குத் தொடுவானத்துக்குச் சற்று மேலே தெரியும் அகத்திய விண்மீன் இங்கே கோடை இரவில் தலைக்கு மேலே ஏறி நிற்கும். தென்சிலுவை விண்மீன்கள் இங்கே மறைவதே இல்லை. திருவாதிரை விண்மீனைக் கொண்ட வேட்டைக்காரன் கூட்டம் தலைகீழாகத் தெரியும். எல்லெரியும் அவருடைய உதவியாளர்களும் பூங்காவின் அருகிலேயே பார்த்த வானம் அது. இன்று அதைக் காண நகரை விட்டு வெகுதூரம் செல்ல வேண்டியிருக்கிறது.